குறியெதிர்ப்பை

தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் பார்த்து வருபவர்களுக்கு அந்த அட்டைப் படம் பழகியிருக்கும். தையல் இயந்திரத்தின் முன்போ, கறவை மாட்டின் அருகிலோ, சுய உதவிக் குழுவின் பேரேட்டைப் பிடித்தபடியோ ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். உள்ளே அரைப் பக்கத்தில் அவள் வாழ்க்கை இருக்கும். திட்டம் வருவதற்கு முன்பு எப்படி இருந்தாள், வந்த பின்பு எப்படி ஆனாள் என்று இரண்டு பத்திகள். நடுவில் மேற்கோள் குறிக்குள் அவள் சொன்னதாக ஒரு வாக்கியம். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். அந்த அறிக்கையின் ஒரு படி அவள் வீட்டுக்குப் போயிருக்குமா, போயிருந்தாலும் அவளால் அதை வாசிக்க முடியுமா என்ற கேள்வியை யாரும் அதிகம் கேட்பதில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

எவ்வளவு பணம் வந்தது, எப்படிச் செலவானது என்று சொல்வது வரவு செலவு அறிக்கை. அந்தப் பணத்தால் மனிதர்கள் வாழ்வில் என்ன மாறியது என்று சொல்ல முயல்வது தாக்க அறிக்கை. களத்தில் இருப்பவர்கள் ‘இம்பாக்ட் ரிப்போர்ட்’ என்றே சொல்கிறார்கள். நூறு பெண்களுக்குத் தையல் கற்றுக்கொடுத்தோம் என்பது செய்த வேலை. அவர்களில் எத்தனை பேர் இன்று தைத்துச் சம்பாதிக்கிறார்கள், அந்தச் சம்பாத்தியம் யார் கையில் இருக்கிறது என்பது தாக்கம். முந்தையதைச் சொல்வது எளிது. பிந்தையதைச் சொல்ல அந்தப் பெண்களிடம் மறுபடி போக வேண்டும்.

இந்த அறிக்கைகள் பெருகியதற்குக் காரணம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளம் உள்ள நிறுவனங்கள் தங்கள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்றது. 2014 ஏப்ரலில் இது நடைமுறைக்கு வந்தது. 2021இல் விதிகளைத் திருத்தியபோது, சராசரியாக ஆண்டுக்கு 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ இப்படிச் செலவிடக் கடமைப்பட்ட நிறுவனங்கள், 1 கோடியும் அதற்கு மேலும் ஒதுக்கிய திட்டங்களுக்கு வெளியாரைக் கொண்டு தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும் என்று சேர்த்தார்கள். பணம் தருபவர் கேட்கிறார். பணம் வேண்டுபவர் காட்டுகிறார். நல்ல அறிக்கை கொடுத்த அமைப்புக்கு அடுத்த ஆண்டும் நிதி வருகிறது. மோசமான அறிக்கை கொடுத்த அமைப்பின் காப்பகத்தில் அடுத்த ஆண்டு சமையலுக்கு ஆள் இருப்பதில்லை.

ஆகவே கணக்கு கேட்பதையோ கொடுப்பதையோ நான் குறை சொல்லவில்லை. பிறர் பணத்தில் பிறருக்காக வேலை செய்கிறேன் என்று சொல்பவர் கணக்குக் காட்டியே ஆக வேண்டும். என் கேள்வி வேறு. அந்தக் கணக்கை எழுத என்ன பொருள் பயன்படுகிறது, அந்தப் பொருள் யாருடையது?

என்னிடம் முதுகலைத் தமிழ் படித்து முடிக்கும் பெண்களில் சிலர் தொண்டு நிறுவனங்களில் வேலைக்குச் சேர்கிறார்கள். எழுத வரும் என்பதால் அவர்களுக்குப் பெரும்பாலும் முதலில் தரப்படுவது ‘வெற்றிக் கதை’ எழுதும் வேலை. அப்படிப் போன ஒரு மாணவி விடுமுறையில் பார்க்க வந்திருந்தாள். “அம்மா, நான் எழுதிக் கொடுத்ததுல உணர்ச்சி பத்தலைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அந்த அக்கா அழவே இல்லம்மா. அழுததா எழுதலாமா?” என்று கேட்டாள். அழாததை அழுததாக எழுதக் கூடாது என்று சொல்ல ஒரு நொடி போதும். ஆனால் அவள் கேட்டது அவ்வளவு சிறிய கேள்வி இல்லை. ஒரு பெண் உதவி பெற்றதற்கு அவளுடைய கண்ணீர்தான் ரசீதா என்று அவள் கேட்டாள்.

இந்தக் கேள்விக்குத் தமிழில் நீண்ட வரலாறு இருக்கிறது. புறநானூற்றில் குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனாரின் பாட்டு ஒன்று உண்டு. சமைப்பதை மறந்துபோய்க் காளான் பூத்த அடுப்பு, பாலில்லாமல் வற்றிய முலையைச் சுவைத்து அழும் குழந்தை, அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்த்து நீர் நிறைந்த தாயின் கண்கள் என்று பாட்டு போகும். வறுமையைச் சொன்ன பாடல்களில் அதற்கு இணை குறைவு. வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் அறை அமைதியாகிவிடும். அந்த அமைதி கலைந்த பிறகு நான் மாணவிகளிடம் கேட்பது இதுதான்: பேசுகிறவர் யார், காட்டப்படுகிறவர் யார்? பேசுகிறவர் புலவர். கேட்கிறவர் வள்ளல். காட்டப்படுவது மனைவியின் உடல். அவள் அந்த இடத்தில் இல்லை. தன் வற்றிய முலை ஒரு மன்னன் முன்னால் சான்றாக வைக்கப்பட்டதை அவள் அறிந்தாளா என்று பாட்டு சொல்லவில்லை. பரிசில் வந்து அடுப்பு எரிந்திருந்தால் அவளுக்கும் நல்லதுதானே என்று ஒரு மாணவி சொல்வாள். அதுவும் உண்மைதான். இன்றைய அறிக்கைகளைப் பற்றிய விவாதமும் இந்த இரண்டு உண்மைகளுக்கு நடுவில்தான் நிற்கிறது.

அதே குமணனிடம் பரிசில் பெற்ற இன்னொருவர் பெருஞ்சித்திரனார். அவரும் தம் குடும்பத்தின் பசியைக் குமணன் முன் விரித்துப் பாடியவர்தான். ஆனால் பரிசில் பெற்று வீடு திரும்பிய பின் அவர் பாடிய பாட்டு வள்ளலை நோக்கியது இல்லை, மனைவியை நோக்கியது. உன்னை விரும்பி வாழ்கிறவர்களுக்கும், நீ விரும்புகிறவர்களுக்கும், உன் சுற்றத்தின் மூத்தவர்களுக்கும் கொடு. நம் பசி தீர உனக்குக் குறியெதிர்ப்பை தந்தவர்களுக்கும் கொடு. என்னைக் கேட்க வேண்டாம், எல்லோருக்கும் கொடு என்கிறார். குறியெதிர்ப்பை என்றால் அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தருவது. அடுத்த வீட்டில் ஒரு படி அரிசி வாங்கி, கூலி வந்ததும் அதே படியால் அளந்து கொடுப்பது. இன்று கைமாற்று என்கிறோம்.

அந்த ஒரு சொல் எனக்குப் பெரிய திறப்பாக இருந்தது. குமணனின் செல்வம் வருவதற்கு முன்பு அந்த வீடு எப்படி உயிரோடு இருந்தது என்பதற்கான விடை அதில் இருக்கிறது. அந்தப் பெண் வெறுமனே அழுதுகொண்டிருக்கவில்லை. எந்த வீட்டில் கேட்கலாம், எவ்வளவு கேட்கலாம், எப்போது திருப்ப வேண்டும் என்று தெரிந்து, அக்கம்பக்கத்தின் நம்பிக்கையைச் சேர்த்து வைத்துக் குடும்பத்தை நடத்தியிருக்கிறாள். ‘முன்பு’ என்ற பத்தியில் இவள் வரமாட்டாள். அங்கே கண்ணீர் நிறைந்த கண்கள் மட்டும்தான் வரும்.

‘முன்பு, பின்பு’ என்ற அமைப்பின் முதல் பிழை இது. பின்பு பிரகாசமாக இருக்க வேண்டுமென்றால் முன்பு இருட்டாக இருந்தாக வேண்டும். ஆகவே அவளுடைய பழைய திறமை, பழைய உறவு, பழைய சண்டைகள் எல்லாம் அழிக்கப்படுகின்றன. பின்பு என்ற பத்தியில், மாறியதெல்லாம் ஒரே அமைப்பால் மாறியது போலத் தோன்ற வேண்டும். ஆகவே சத்துணவு, ரேஷன் அரிசி, பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார், இரவு பத்து மணி வரை அவள் மிதித்த மிதி எல்லாம் காணாமல் போகின்றன. இரண்டு பத்திகளிலும் அவள்தான் எழுவாய் போல இருக்கிறாள். உண்மையில் அவள் செயப்படுபொருள்.

அறிக்கைக்குப் பொருந்துவது எது என்ற கணக்கு உதவியின் உருவத்தையே மாற்றிவிடவும் கூடும். 2004 டிசம்பர் 26 சுனாமி தமிழகத்தில் மிக அதிகமாக அழித்தது நாகப்பட்டினம் மாவட்டத்தை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தார்கள். உலகம் முழுவதிலுமிருந்து உதவி வந்தது. அனுப்பப்பட்ட பழைய துணிகள் உடுத்த ஆளில்லாமல் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. படகுகள் வந்தன, கடலோரத்தில் சில இடங்களில் முன்பு இருந்ததைவிட அதிகமாகவே வந்தன. படகை எண்ணலாம், படம் எடுக்கலாம், அதன் பக்கவாட்டில் கொடுத்தவர் பெயரை எழுதலாம். படகில் போகிறவர் ஆண். அந்த மீனைக் கூடையில் சுமந்து ஊர் ஊராக விற்ற பெண் இழந்தது கூடையும் அலுமினியப் பாத்திரமும் கொஞ்சம் கைமுதலும். அதை மீட்டுக் கொடுத்தால் படம் எடுக்க என்ன இருக்கிறது? கரையில் பெண்கள் செய்த வேலை கண்ணுக்குத் தெரிய நாளானது.

எண்களும் இதைச் செய்யும். சுய உதவிக் குழுக்களின் தமிழக வரலாறு 1989இல் தர்மபுரியில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கியது. குழுவில் கூடி உட்கார்ந்ததே பல பெண்களுக்கு வீட்டு வாசலைத் தாண்டிய முதல் அனுபவம். அது சிறிய விஷயம் இல்லை. ஆனால் நாடு முழுவதும் நுண்கடன் பெருகியபோது பெருமையாகச் சொல்லப்பட்ட எண் ஒன்றுதான்: கடன் ஏறக்குறைய முழுவதும் திரும்பி வருகிறது. திரும்பி வந்த பணம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. இன்னொரு கடன் வாங்கி இந்தக் கடனை அடைத்தாளா, தோட்டை அடகு வைத்தாளா, ராத்திரிச் சாப்பாட்டை விட்டாளா? 2010இல் ஆந்திரப் பிரதேசத்தில் கடன் வசூல் நெருக்கடியும் தற்கொலைச் செய்திகளும் வந்து, அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தபோதுதான் அந்த நல்ல எண்ணுக்குப் பின்னால் இருந்த வாசல்கள் தெரிந்தன. அந்தக் கடன் நிறுவனங்களில் சில, தொண்டு அமைப்புகளாகத் தொடங்கியவை என்பதை மறக்கக் கூடாது.

இனி ஒப்புதலுக்கு வருகிறேன். எல்லா நல்ல அமைப்புகளிடமும் ஒப்புதல் படிவம் இருக்கிறது. அதில் கையெழுத்தோ கைநாட்டோ இருக்கிறது. ஆனால் அதை நீட்டுவது யார்? கடனுக்குப் பெயர் எழுதியவர், பிள்ளைக்கு விடுதியில் இடம் வாங்கிக் கொடுத்தவர், அடித்த கணவனிடமிருந்து ராத்திரியில் கூட்டிக்கொண்டு வந்தவர். அவரிடம் முடியாது என்று சொல்ல எந்தப் பெண்ணால் முடியும்? “உங்களுக்கு இல்லாததா, எடுத்துக்கோங்கம்மா” என்றுதான் சொல்வாள். அது நன்றி. நன்றியும் ஒப்புதலும் ஒன்றில்லை. 2023இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் என்பது சுதந்திரமாக, குறிப்பான நோக்கத்துக்காக, விவரம் அறிந்து, நிபந்தனையின்றி, ஐயத்துக்கு இடமின்றித் தரப்பட வேண்டும் என்கிறது. கொடுத்தது எவ்வளவு எளிதோ அவ்வளவு எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. இதில் ‘நிபந்தனையின்றி’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நம் அறிக்கைகளில் இருக்கும் படங்களைப் பார்த்தால் எத்தனை படங்கள் மிஞ்சும்?

பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று நம் குற்றவியல் சட்டம் சொல்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் குழந்தைகளின் அடையாளத்தைக் காக்கின்றன. வறுமைக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. கணவன் குடித்ததும், பட்டினி கிடந்ததும், கருப்பை எடுத்ததும், கடன்காரன் வாசலில் நின்று கத்தியதும் பெயரோடும் ஊரோடும் அச்சாகலாம். அச்சானது இப்போது இணையத்திலும் இருக்கும். பத்து ஆண்டு கழித்து அவள் மகள் வேலைக்குப் போகும் இடத்தில் யாராவது அந்த ஊர்ப் பெயரைத் தேடினால் அம்மாவின் ‘முன்பு’ இன்னும் அங்கே இருக்கும். அந்தப் பெண் எப்போதோ கடந்து வந்துவிட்ட இடத்தில் அறிக்கை அவளை நிறுத்தியே வைத்திருக்கிறது.

வள்ளுவர் ஈகை அதிகாரத்தை இந்தக் குறியெதிர்ப்பை என்ற சொல்லை வைத்தே தொடங்குகிறார். திருப்பித் தர இயலாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மை கொண்டது என்பது அவர் கருத்து. அதை வைத்துப் பார்த்தால், தையல் இயந்திரத்துக்கு ஈடாக ஒரு பெண்ணின் கதையை வாங்கும் கொடை, ஈகை ஆகாது. அங்கே பண்டமாற்று நடந்திருக்கிறது. அவளிடம் பணம் இல்லை. அதனால் தன் துயரத்தால் கட்டியிருக்கிறாள். எவ்வளவு கட்டினாள், இன்னும் எத்தனை ஆண்டுகள் அந்தப் படம் அவளுக்காகச் சம்பாதிக்காமல் வேறு யாருக்காகவோ சம்பாதிக்கும் என்பது மட்டும் எந்தப் பேரேட்டிலும் இல்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. கதை இல்லாமல் பணம் வராது. 2007இல் டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் மூவரும் வெளியிட்ட ஆய்வு நிதி திரட்டுபவர்கள் எல்லோரும் அறிந்தது. மாலி நாட்டைச் சேர்ந்த ரோக்கியா என்ற ஏழு வயதுச் சிறுமியைப் பற்றி ஒரு குழுவுக்குச் சொன்னார்கள். ஆப்பிரிக்காவில் பட்டினியால் வாடும் லட்சக்கணக்கானோரின் எண்களை இன்னொரு குழுவுக்குச் சொன்னார்கள். ரோக்கியாவைப் பற்றி மட்டும் கேட்டவர்கள்தான் அதிகம் கொடுத்தார்கள். சிறுமியோடு சேர்த்து எண்களையும் சொன்னபோது கொடை குறைந்தது. மனம் அப்படித்தான் இருக்கிறது. அழுகிற ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தைக் காட்டாத அமைப்பு பட்டினி கிடக்கும். அதன் காப்பகத்தில் இருக்கும் பெண்களும் பட்டினி கிடப்பார்கள். மானம் பார்த்தால் சோறு யார் போடுவது?

இந்த மறுப்பை நான் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் அந்த ஆய்வு சொல்வது முதல் கொடையைப் பற்றி, அந்தக் கணத்தின் இரக்கத்தைப் பற்றி. இரக்கத்தால் வந்தவர் அடுத்த முகம் இன்னும் அதிகமாக அழுதால் அங்கே போய்விடுவார். 1984–85 எத்தியோப்பியப் பஞ்சத்தின் படங்கள் உலகத்தை அழவைத்த பிறகுதான், ஒரு கண்டமே கையேந்தி நிற்பதாக மனத்தில் பதிந்துவிட்டதைப் பார்த்து, ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்கள் 1989இல் படங்களுக்கும் செய்திகளுக்கும் ஒரு நடத்தை நெறியை ஏற்றன. அழுகையைக் காட்டி வாங்கிய பணத்துக்கு அந்தச் செலவும் உண்டு.

கதையே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. எல்லாப் பெயர்களையும் மாற்றி, எல்லா முகங்களையும் மங்கலாக்கிவிட்டால் மரியாதை செய்துவிட்டதாக ஆகாது. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் வேலை செய்த பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்முறைக்கு ஆளானார். அவர் தன் பெயரை மறைத்துக்கொள்ளவில்லை. பெயரோடும் முகத்தோடும் நின்றார். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் 1997இல் உச்ச நீதிமன்றத்தின் விசாகா நெறிமுறைகள் வந்தன. இன்று நம் கல்லூரிகளில் இருக்கும் உள்ளகப் புகார்க் குழு வரைக்கும் அந்த வழி நீள்கிறது. தன் கதையைச் சொன்ன பெண்ணுக்கும் கதை எடுக்கப்பட்ட பெண்ணுக்கும் வேறுபாடு, பெயர் இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. யார் முடிவு செய்தார்கள் என்பதில் இருக்கிறது. நம் ஒளவையும் பரிசில் பெற்று வாழ்ந்தவர்தான். அதியமான் பரிசிலை நீட்டித்தபோது வாயில் காவலனிடம் நேராகச் சொல்லிவிட்டார்: கற்றவருக்கு எந்தத் திசையில் போனாலும் சோறு கிடைக்கும் என்று. பெறுகிறவள் எழுந்து போகவும் முடியும் என்ற இடத்தில்தான் கொடையில் மரியாதை இருக்கிறது.

கணக்கு கொடுப்பதற்கு வேறு ஒரு வழியும் நம் நாட்டில் இருக்கிறது. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் கோட் கிரானா என்ற ஊரில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. பஞ்சாயத்து வேலைகளின் பில்களையும் கூலிப் பதிவேடுகளையும் ஊர் கூடியிருக்கும் இடத்தில் உரக்கப் படித்தார்கள். படிக்கத் தெரியாதவர்களும் கேட்டார்கள். பெயர் இருந்தவர் எழுந்து, நான் அந்த வேலைக்குப் போகவே இல்லை, எனக்குக் கூலி வரவே இல்லை என்றார். ‘நம் பணம், நம் கணக்கு’ என்பது அவர்கள் முழக்கம். அந்த இயக்கத்தின் சுசிலா என்ற பெண், டெல்லியில் பத்திரிகையாளர்கள் முன் சொன்னதை அருணா ராய் பல இடங்களில் நினைவுகூர்ந்திருக்கிறார். பத்து ரூபாய் கொடுத்துப் பையனைக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்கு கேட்கிறேன். என் பெயரால் கோடிக்கணக்கில் செலவழிக்கும் அரசிடம் கேட்கக் கூடாதா என்பது அவர் கேள்வி. 2005இல் வந்த தகவல் உரிமைச் சட்டத்தின் பின்னால் இந்த அடுப்படிக் கணக்கு இருக்கிறது.

அந்தக் கேள்வியைத் தொண்டு நிறுவனங்கள் முன்னும் வைக்கலாம். அந்தப் பணமும் இந்தப் பெண்களின் பெயரால்தான் வருகிறது. நிதி தந்தவருக்குப் போகும் அறிக்கை, முதலில் அவர்கள் தெருவில், அவர்கள் மொழியில், அவர்கள் முன்னால் வாசிக்கப்படட்டும். “இது நான் இல்லை” என்று ஒருத்தி சொன்னால் அந்தப் பத்தி மாறட்டும். “இது வேண்டாம்” என்றால் அது போகட்டும். உரக்க வாசிக்க நாக்கு கூசும் வாக்கியம் எதுவோ அது அறிக்கையில் இருக்கத் தகுதியற்றது. இதற்குமேல் ஒரு நெறிமுறைக் குழு தேவையில்லை.

வாசிப்பதோடு நிற்கவும் வேண்டாம். எதை அளப்பது என்று அவர்களிடமே கேட்கலாம். வருமானம் எவ்வளவு உயர்ந்தது என்று நாம் கேட்போம். அவள் வேறு சொல்லக்கூடும்: யாரையும் கேட்காமல் அம்மா வீட்டுக்குப் போய் வந்தேன், பஸ்ஸுக்குக் காசு என் கையிலேயே இருந்தது, ராத்திரி கதவு தட்டினால் இப்போது பயமில்லை. இவையும் அளவுகள்தான். ஆண்டுக்கு இரண்டு முறை கேட்டால் எண்ணவும் முடியும். படம் எடுப்பதையும் அவர்களே செய்ய முடியும். அகமதாபாத்தின் சேவா அமைப்பில் 1984லேயே காய்கறி விற்கும் பெண்கள் உட்பட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் வீடியோ கேமரா பிடிக்கக் கற்றார்கள். தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் தலித் பெண்கள் தங்கள் விதைகளையும் வயல்களையும் தாங்களே படமெடுத்தார்கள். 2008இல் சொந்தமாகச் சமுதாய வானொலி தொடங்கினார்கள். கேமராவின் பின்னால் அவர்கள் போனதும் முன்னால் தெரிவது அழுகையிலிருந்து வேலையாக மாறியது.

அடுத்தது தோல்வியைச் சொல்வது. நூறு பேர் சேர்ந்தார்கள் என்றால் எத்தனை பேர் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்பதும் வரட்டும். பயிற்சி நடந்த இடத்துக்கு மாலை ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை என்பதால் நின்றிருக்கலாம். அது அவள் தோல்வி இல்லை. திட்டம் போட்டவர் கற்க வேண்டிய பாடம். கனடாவின் எல்லைகளற்ற பொறியாளர் அமைப்பு 2008 முதல் தன் தோல்விகளுக்கென்றே தனி அறிக்கை வெளியிட்டு வந்தது. நிதி கொடுப்பவர்களில் சிலர் இதைப் பார்த்து ஓடலாம். தங்கிவிடுகிறவர் அழுகைக்காக வந்தவராக இருக்கமாட்டார். வேலையைப் புரிந்துகொண்டு தங்கியவராக இருப்பார். ஒரு காப்பகத்துக்குத் தேவை அப்படிப்பட்ட பத்துப் பேர். அறிக்கையால் ஆதரவு வலுப்பெறும் என்று சொல்வதானால் இந்த வகையில்தான் வலுப்பெறும் என்று நம்புகிறேன்.

இதற்கெல்லாம் செலவாகும். திரும்பப் போய்க் கேட்க ஆள் வேண்டும், பஸ் கட்டணம் வேண்டும், மொழிபெயர்க்கவும் வாசிக்கவும் நேரம் வேண்டும். நம் விதிகளோ இத்தகைய செலவைச் சந்தேகத்தோடு பார்க்கின்றன. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்காற்றுச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவின் உச்ச வரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைத்தது. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியில், அந்த நிறுவனம் கணக்கில் காட்டக்கூடிய நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. காது கொடுத்துக் கேட்பது நிர்வாகச் செலவா, பணியா? இந்தக் கேள்வியைக் கொடையாளர்கள் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதம் சொற்பச் சம்பளத்துக்கு நாளெல்லாம் தெருத்தெருவாக அலைந்துவிட்டு ராத்திரி உட்கார்ந்து படிவம் நிரப்பும் களப்பணியாளரும் பெரும்பாலும் பெண்தான். அடுத்த பெண்ணின் கண்ணீரைக் கொண்டுவா என்று அவளை அனுப்புவது இரண்டு பெண்களையும் சேர்த்துச் சிறுமைப்படுத்துவது.

என் மாணவிகளில் இன்னும் பலர் இந்த வேலைகளுக்குப் போகப் போகிறார்கள். போக வேண்டும், எழுதத் தெரிந்தவர்கள் அங்கே தேவை. அவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். அந்த அக்கா அழவில்லை என்றால் அழவில்லை என்று எழுதுங்கள். அவள் யாரிடம் கைமாற்று வாங்கி அந்த மாதத்தைக் கடந்தாள், அதை எப்படித் திருப்பினாள், பிறகு யாருக்குக் கைமாற்று கொடுத்தாள் என்று கேட்டு எழுதுங்கள். பெருஞ்சித்திரனார் மனைவியிடம், வந்த செல்வத்தை எல்லோருக்கும் கொடு என்றார். அவள் அதற்கு என்ன மறுமொழி சொன்னாள், முதலில் யார் வீட்டுப் படியை அளந்து திருப்பினாள் என்று நம் இலக்கியத்தில் இல்லை. இனி எழுதப்படும் அறிக்கைகளிலாவது அது இருக்கட்டும்.